ஆட்டுக்குட்டியின் காலில் கௌரி காப்பு

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு மட்டும். எழுத்துப் பிழையும் மறதியும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்குள் புளியங்கூடலில் இருந்து யாழ்ப்பாணம் போன பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் ஒரு இளம் தாய் இருந்தாள். மடியில் சின்ன மகள் நித்திரை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அவள் சொன்னாள்:

“அவருக்கெண்டு எடுத்துவைச்ச கௌரி விரதக் காப்பு நூலை இவள் ஆட்டுக்குட்டியின்ர காலில சுத்திவிட்டாள், அக்கா.”

“ஐயோ பிள்ளை! நீர் விரதம் பிடிச்சதே அந்த மனுசனுக்காகத்தானே!”

“ஓம். கட்டாரில வருத்தம் வந்து படுக்கையில கிடக்கிறார். இண்டைக்குப் பயணம் போற ஆளிட்டக் குடுக்காட்டி இனி அனுப்ப ஏலாது.”

“கோயில்ல வேற நூல் கேக்கேல்லையோ?”

“முடிஞ்சுதெண்டு ஐயர் சொல்லிப்போட்டார்.”

“அப்ப வெறுங்கையோடயோ போறீர்?”

“இல்லை. ஐயர் என்ர கையில கட்டினதை அவிழ்த்துக் கொண்டு போறன்.”

“அப்ப உம்மட கையில கிடக்கிறது?”

“ஆட்டின்ர. கழுவிப்போட்டுக் கட்டினனான். அம்மன் கோவிக்கிறதெண்டா என்னோட கோவிக்கட்டும், அவரோட வேண்டாம்.”

மற்றவள் சிரிக்கவில்லை. அந்தக் காப்பின் முடிச்சை இறுக்கிவிட்டாள்.

கட்டிய காப்பை அவிழ்த்து இன்னொருவருக்குக் கொடுக்கலாமா என்று எனக்குத் தெரியாது. விரத முறை தெரிந்தவர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.