மணி அடிக்கும் வரை

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் காலையில் குளித்துவிட்டு, வெளியே போகும்போது உடுத்துகிற உடையை உடுத்திக்கொள்ள வேண்டும். இரவு போட்ட நைட்டியோடு உட்கார்ந்தால் வேலையும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் நடக்கும். இன்னொன்று, கைபேசியைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும். சமையலறை மேல்தட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தால் எடுக்கவே சோம்பலாக இருக்கும்.

நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைத்தான் கேட்டீர்கள். "அன்னிக்கு உங்க போன் எதுக்கு சமையலறைல இருந்துது?" சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் பிய்த்துச் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், பார்த்து.

துணி துவைக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களுக்கு நான் பதில் எழுதுகிறேன். தண்ணீர் ஒழுகுகிறது, கதவு திறக்கவில்லை, வெள்ளைச் சட்டை நீலமாக வெளியே வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் ஒரே பணிவுதான். தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். அலுவலகத்தில் இருந்தவரை வேலை நன்றாகத்தான் ஓடியது. பக்கத்து மேஜைக்காரி தட்டச்சு செய்கிற சத்தம் காதில் விழுந்தாலே என் விரல்களும் ஓடும். எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அந்தச் சத்தம் நின்றுபோனது. ஒரு புகாரைத் திறப்பேன், எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறப்பேன். என் வீட்டுக்காரர் மாலையில் வந்து, "இன்னிக்கு எத்தனை பேரைச் சமாதானப்படுத்தினே?" என்று கேட்பார். நான் சமாதானப்படுத்தியது என்னை மட்டும்தான். அடுத்த மாதமும் இப்படியே போனால் வேலை இல்லை என்று மேலாளர் நேரடியாகவே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் இணையத்தில் அந்த மௌன அறை எனக்குக் கிடைத்தது. உங்களுக்கும் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் கேமராவைப் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார வேண்டும். முதலில் இரண்டொரு வார்த்தை, இன்று எதை முடிக்கப் போகிறோம் என்று. பிறகு மணி அடிக்கும். ஒலியை அடைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மணி அடிக்கிற வரை பேச்சு கிடையாது, சைகை கிடையாது. என் வீட்டுக்காரர் சிரித்தார். "பேசவே மாட்டீங்கன்னா அப்புறம் எதுக்கு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காரணும்? அதுக்கு நம்ம கல்யாண போட்டோவை வெச்சுக்கலாமே." அவருக்கு இதெல்லாம் விளையாட்டு.

எனக்கு எதிரில் வந்தவள் ஓவியக்காரி. பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். அவள் வரைவதை நான் பார்க்க முடியாது, முகம் மட்டும்தான் தெரியும். ஆனால் எதை வரைகிறாளோ அது அவள் முகத்துக்கு வந்துவிடும். சிரிக்கிற குழந்தையை வரைந்தால் உதடு விரியும், கோபக்கார வாத்தியாரை வரைந்தால் புருவம் ஏறும். இன்று மாடா, மனுஷனா என்று நான் இங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அவள் குனிந்து வரைய வரைய என் கை தானாக ஓடும். சில வாரங்களில் எங்கள் பிரிவிலேயே அதிகப் பதில் எழுதுகிறவள் நான்தான் என்றார்கள். மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்கு இந்த வயதில் முதல் பாராட்டு அது. அது அவளால் வந்தது என்று எனக்குத் தெரியும், நான் நன்றி கெட்டவள் இல்லை.

பழகின பிறகு அவளே சொன்னாள், அவள் எதற்காக அந்த அறைக்கு வருகிறாள் என்று. "எனக்குச் சின்ன வயசுலேருந்து சர்க்கரை. ஊசி போட்டுக்கறேன். சில நேரம் சட்டுன்னு இறங்கிடும். வேர்த்துக் கொட்டும், கண்ணு எங்கேயோ போகும். அந்த நேரத்துல எனக்கே தெரியாது, யாராவது பாத்துச் சொல்லணும். அக்கா கீழ்வீட்டுலதான் இருக்கா. ஒரு போன் போட்டீங்கன்னா ஓடி வந்துடுவா." அக்காவின் எண்ணைக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்காக மட்டும் என் கைபேசியைக் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். கைபேசியைத் தூர வைக்க வேண்டும் என்கிற என் நல்ல பழக்கத்தை அவளுக்காக விட்டுக்கொடுத்தேன். இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை அப்படி ஆனது. நெற்றி பளபளத்தது, பென்சில் கையிலிருந்து நழுவியது. நான் மணியைப் பார்க்கவில்லை, விதியைப் பார்க்கவில்லை, உடனே போன் போட்டேன். அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து இனிப்புத் தண்ணீரைப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஓவியக்காரி எழுந்து உட்கார்ந்து, "நீங்கதாங்க என் உசுருக்குக் காவல்" என்றாள். அன்று நான் சாப்பிடவே மறந்துபோனேன், அவ்வளவு சந்தோஷம். என் வீட்டுக்காரரோ என் அம்மாவோ என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இனி நீங்கள் வருகிறீர்கள்.

ஒரு நாள் மின்சாரம் போய்வந்த குழப்பத்தில் அறைக்குள் கொஞ்சம் முன்னதாகவே நுழைந்துவிட்டேன். அவளுடைய முந்தைய ஆள் இன்னும் கிளம்பவில்லை. உங்களைத்தான் சொல்கிறேன். அப்போது தாடி வைத்திருந்தீர்கள், அதனால் மனதுக்குள் தாடிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். இப்போது எடுத்துவிட்டீர்கள், இருந்தாலும் அந்தப் பெயர்தான் வருகிறது. மணி எப்போதோ அடித்திருந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஒலியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தீர்கள். அவள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என் எதிரில் அவள் ஒருநாளும் எதுவும் தின்றதில்லை. நீங்கள் கேட்டீர்கள், "சாப்டாச்சா? ஊசி போட்டாச்சா?" என்று.

அந்த ஊசி விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அக்காவின் எண்ணும் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன், வயிறு எரிந்தது. நீங்கள் ஆண் என்பதால் இல்லை. என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்துக் கேலி செய்தார், எனக்கு எரிச்சலாக இருந்தது. நீங்கள் அவளைச் சிரிக்க வைத்தீர்கள், அதுதான். என் எதிரில் அவள் சிரித்ததெல்லாம் படத்துக்காகச் சிரித்தது.

அப்புறம் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். உங்களோடு உட்கார்ந்துவிட்டு வருகிற நாட்களில் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் மிச்சமிருக்கும். என்னைப் பார்க்கப் பார்க்க அது அணையும். என் பதில்களில் தப்பு வர ஆரம்பித்தது. நீல நிறமான சட்டைக்காரருக்குத் தண்ணீர் ஒழுகுகிறவரின் பதிலை அனுப்பிவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு, "என்னம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அந்த நிலையில்தான் நான் இருந்தேன்.

அன்று காலை மணி அடிப்பதற்கு முன் அவள் சொன்னாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அடுத்த வாரத்திலேருந்து இந்த நேரத்துலயும் அவர்கூடவே உக்காந்துக்கலாம்னு பாக்கறேன். பேசிக்கிட்டே செஞ்சா எனக்கு வேலை நல்லா ஓடுது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க." நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதுக்கென்ன, உங்க இஷ்டம்" என்றேன். மணி அடித்தது. ஒலியை அடைத்துக்கொண்டோம்.

நான் முதல் புகாரைத் திறந்தேன். ஒரு தாய் எழுதியிருந்தாள். இயந்திரம் பாதியில் நின்றுவிட்டதாம், கதவு திறக்கவில்லையாம், உள்ளே பிள்ளையின் பள்ளிச் சீருடை மாட்டிக்கொண்டிருக்கிறதாம். நிமிர்ந்து பார்த்தேன். அவள் நெற்றி பளபளத்தது. வெயில் காலம், எல்லோருக்கும்தான் வேர்க்கிறது. தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதினேன். மறுபடி பார்த்தபோது அவள் கண் நிலைக்கவில்லை. வழி தவறிப்போன குழந்தை யாரையாவது வரைகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஊழியர் விரைவில் தங்களைத் தொடர்புகொள்வார் என்று எழுதினேன்.

பிறகு அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம்தான் அடைத்திருந்ததே. கையை மெல்லத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். போன் பேசுகிறவர்கள் வைத்துக்கொள்வதுபோல. முடியை ஒதுக்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதில் தவறில்லை, சைகை காட்டக் கூடாது என்பது விதி, அவள் விதியை மீறுகிறவள் இல்லை. என்னோடு இருக்கும்போது மீறுகிறவள் இல்லை.

அப்போதுதான் எழுந்தேன். கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மேல்தட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். நீங்கள் கேட்டது இதுதானே. அது பக்கத்திலேயே கிடந்து என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது, வேலையில் மனம் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் மேஜைமேல் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறவர்களை வரையும்போதும் அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் எழுதின மாதிரி அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. ஒரு தப்பு கிடையாது. மணி அடித்தது. உடனே, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், சமையலறைக்கு ஓடினேன். அக்காவுக்குப் போன் போட்டேன். பதறியதில் சமையலறை, சர்க்கரை டப்பா என்று என்னவோ உளறியிருக்கிறேன். நான் ஓடியதைச் சொல்லித்தான் அக்கா உங்களிடம் உருகியிருக்கிறாள். நீங்களோ நான் கைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன் என்று ஓவியக்காரி எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டீர்கள். நல்ல ஞாபகசக்தி உங்களுக்கு.

கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அக்கா அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். "நீங்க மட்டும் போன் பண்ணலேன்னா உசுரே போயிருக்கும். இப்போ யாரையும் அடையாளம் தெரியலை. ஆனா அந்தத் திரை முன்னாடி உக்கார வெச்சா மட்டும் அமைதியா இருக்கா. தெனம் கொஞ்ச நேரம் வர முடியுமா உங்களால?" கொஞ்ச நேரம் என்ன, நாள் முழுக்க இருக்கிறேன் என்றேன். அன்றிலிருந்து காலையில் அக்கா அவளுக்குத் தலை வாரி, நல்ல உடை உடுத்தி, கையில் ஒரு பென்சிலையும் கொடுத்து எனக்கு எதிரில் உட்கார வைக்கிறாள். மாலை வரை அவள் என்னைத் தவிர யாரையும் பார்ப்பதில்லை. இந்த வருடத்தின் சிறந்த ஊழியர் நான்தான். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறேன் பாருங்கள்.

நான் சொன்னதை நீங்கள் அக்காவிடம் சொல்லலாம், தடுக்க மாட்டேன். சொன்னால் அவள் அந்தத் திரையை அணைத்துவிடுவாள். அப்புறம் பாவம், இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

மணி அடிக்கப்போகிறது. டீ ஆறிவிட்டது, பரவாயில்லை, வைத்துவிடுங்கள். அந்த நாற்காலியை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் முகம் தெரிந்தால் அவள் வேலை கெட்டுவிடும்.