பிந்தி வந்த நோட்டுகளும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

கரிசல் மண்ணில் கைநாட்டு வைத்த கரங்களுக்குக் கையெழுத்துக் கற்பித்த கருணைக் கடலே, முப்பத்து நான்கு ஆண்டுகள் முகஞ்சுளிக்காது பணி முடித்து இன்று ஓய்வு பெறும் எங்கள் தலைமையாசிரியை ராதாமணி அம்மையாரே, வணக்கம்.

தங்கள் தகைமைகளை எல்லாம் எடுத்துரைக்கப் புகுந்தால் பந்தியில் சாம்பார் ஆறிப்போகும். ஆகவே ஒன்றே ஒன்றைச் சொல்லுகிறோம். அது உதவியாசிரியர் வன்னியபெருமாளின் சந்தேகம்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு நம் பள்ளியில் முதியோர் வகுப்பைத் தாங்கள் தொடங்கினீர்கள். தீப்பெட்டி ஆபீசிலும் மிளகாய்க் காட்டிலும் பாடுபட்ட பெண்கள் முப்பது பேர் மாலையில் வந்தார்கள். அதில் ஒரு தலை குறைந்தாலும் மேலிடத்தார் வகுப்பை மூடிவிடுவார்கள். வீட்டுப்பாட நோட்டோ எட்டு நாள், பத்து நாள் பிந்தியே வரும். தாங்கள் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வைப்பீர்கள். வன்னியபெருமாளுக்கு அது பொறுக்கவில்லை.

"சின்னப் பிள்ளைகள முட்டி போட வைக்கோம். இவியளுக்கு மட்டும் என்ன சலுகை டீச்சர்?" என்றார்.

"வத்தல் காயப்போட்டு, பெட்டி ஒட்டிட்டு வாராவ அண்ணாச்சி. பிந்துனாலும் வந்துருதுல்லா" என்றீர்கள்.

அந்தச் சாந்தமே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒருநாள் தங்கள் மேசையில் கிடந்த நோட்டுகளைப் புரட்டினார். பெத்தம்மாள் நோட்டிலும் தங்கள் எழுத்து, பெருமாயி நோட்டிலும் தங்கள் எழுத்து. ஆள்கணக்குக் காட்ட டீச்சரே உட்கார்ந்து எழுதுகிறார், அதனால்தான் தாமதம் என்று முடிவு கட்டிவிட்டார். கையும் களவுமாகப் பிடித்த மிதப்பில், பெயர் போடாமல் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசியும் தம் கைப்பட எழுதிப் போட்டுவிட்டார். வகுப்போடு தங்கள் வேலையும் போகக் கூடிய கடுதாசி அது.

மேற்பார்வையாளர் வந்தார். பெத்தம்மாளை எல்லார் முன்னும் கரும்பலகையில் எழுதச் சொன்னார். அவர் எழுதினார். அச்சு அசல் தங்கள் எழுத்து. பெருமாயி எழுதினார், வேலுத்தாய் எழுதினார். அத்தனையும் தங்கள் எழுத்தே. தங்கள் எழுத்தைத் தவிர வேறு எதையும் பார்த்து எழுதிப் பழகாத கைகள் அவை.

"டீச்சர் எழுத்து மாதிரி வார வரைக்கும் சிலேட்டுல எழுதி எழுதி அழிப்போம் அய்யா. வந்த பொறவுதான் நோட்டுல ஏத்துதோம். அதான் சொணங்கிப் போவுது" என்றார் பெத்தம்மாள்.

மேற்பார்வையாளர் கடுதாசியைத் தங்களிடம் நீட்டி, "யார் எழுத்துன்னு தெரியுதாம்மா?" என்று கேட்டார். வாரந்தோறும் வன்னியபெருமாளின் பாடக்குறிப்பில் கையொப்பமிட்டவர் தாங்கள். கடுதாசியை முழுக்கப் படித்தீர்கள். "தெரியல சார்" என்றீர்கள்.

மறுநாள் பிந்தி வந்த நோட்டுகளை அவர் மேசையில் வைத்து, "இனி இதுகள நீங்களே திருத்துங்க அண்ணாச்சி" என்றீர்கள். நம்பிக் கொடுத்தீர்களா, தெரிந்தே தண்டித்தீர்களா என்று ஏழு வருடமாக அவர் தங்கள் முகத்தை ஒளிந்து ஒளிந்து பார்த்து வருகிறார். ஒன்றும் பிடிபடவில்லை.

ஆகவே அன்னையே, தங்களுக்கு முன்பே தெரியுமென்றால் வன்னியபெருமாளை மன்னித்தருள்க. தெரியாதென்றால், இதோ, ஊர் அறியத் தெரிந்துகொள்க.

கண்ணொளி மங்காமல், கைகால் சோராமல், பேரன் பேத்தியோடு பல்லாண்டு வாழ்க.

இங்ஙனம்,
தங்கள் அன்பில் வளர்ந்த ஆசிரியர்கள், பணியாளர்கள்
எழுதி வாசித்தவர்: வன்னியபெருமாள்
கோவில்பட்டி வட்டாரம், 1986