மெலிந்து ஓடிய வெள்ளி மைக்காகப் பழி சுமந்த எங்கள் பாகு அக்காவுக்கு

வெள்ளி மையின் விறைப்பும் நெகிழ்வும் விரல்நுனியில் அறிந்த வித்தகியே! பொய்யளவு ஒன்றும் புகலாத பெருந்தகையே! பாகுத்தன்மை அளந்து அளந்தே ஆய்வகம் முழுவதற்கும் 'பாகு அக்கா' ஆகிவிட்ட அன்புக்குரியவரே, வணக்கம்.

பணி ஓய்வு பெறும் உங்களைப் பாராட்டிப் பூப்போலச் சொல் தொடுக்கத்தான் உட்கார்ந்தோம். வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடு இனிக்க இனிக்க எழுத எங்களுக்கு வரவில்லை.

மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய வெள்ளிக் கம்பிகளைத் திரவத்தில் மிதக்கவிட்டு, அந்த மை எப்படி ஓடுகிறது என்று அளப்பது உங்கள் பணி. கம்பி கூடக்கூட மை கெட்டியாகும்; ஓர் எல்லையைத் தாண்டிவிட்டாலோ, வாசலில் முண்டியடித்த கூட்டம் வரிசைக்கு வந்ததும் நகர்வதுபோல, கம்பிகள் ஒரே திசையில் அணிவகுக்க, மை முன்னிலும் லேசாக ஓடும். எங்களில் இதை முதலில் கண்டவர் நீங்கள்.

கண்ட அன்றே பழியும் வந்தது. இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் இயக்குநர் குப்பியைச் சாய்த்துப் பார்த்துக் கேட்டார்: "வெள்ளி கூடுதலா இருந்தா மை எப்படிம்மா தண்ணியா ஓடும்? வெள்ளியை எடுத்துக்கிட்டுத் தண்ணி ஊத்தினீங்களா?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "காயவச்சு நிறுத்துப் பாருங்க சார், வெள்ளி அப்படியே இருக்கும்" என்றீர்கள். நிறுத்தோம், இருந்தது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றவர், திருட்டுப் பழியைத் திரும்பப் பெறவில்லை. கிடங்கில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்ட உங்களை அனுப்பினார்.

அடுத்த ஆண்டே அதே உண்மையைத் தம் கண்டுபிடிப்பென்று கருத்தரங்க மேடையில் காட்டிக் கைதட்டல் வாங்கினார். மை லேசாக ஓடியதற்கு நீங்கள் கள்ளியானீர்கள். அதே ஓட்டத்தால் அவர் அறிஞரானார். "விடுங்கப்பா, மைக்குத் தெரியும்ல" என்று நீங்கள் சிரித்தீர்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை ஆறவும் இல்லை.

நோய்நொடி நெருங்காமல், நிமிர்ந்த நடையோடு நெடுங்காலம் வாழுங்கள், அக்கா. ஆனால் தலைமேல் ஏற்றிய பழியோடு நீங்கள் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. சட்டமிட்ட இம்மடலை இயக்குநரே உங்கள் கையில் தருவதாக ஏற்பாடு. தரட்டும். அதற்குமுன், "இவங்க திருடல, எனக்குத்தான் விளங்கல" என்று உங்கள் மகளும் மருமகனும் கேட்க, இந்த அரங்கில் சொல்லட்டும்.

ஐயா, ஒலிவாங்கி உங்களிடம் வருகிறது. நீங்கள் சொல்லும்வரை நாங்கள் உட்காரப் போவதில்லை.

இப்படிக்கு,
எழுந்து நிற்கும் ஆய்வக ஊழியர்கள்