காலியாக இருக்கக் கூடாத நாற்காலி

முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது இருபத்தாறு. தொழில் ஆராய்ச்சியாளர். மணமாகவில்லை, தாயாருடன் வசித்து வருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. பல்கலைக்கழக விடுதியில் நுண்ணோக்கி திருடுபோனது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் இளம் ஆராய்ச்சியாளர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து அந்த விடுதியில் தங்கவைக்கிறது. பழைய சுவர்களில் வளரும் பாசி பற்றி ஆராய நானும் விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போனேன். காத்திருப்போரில் முதல் ஆள் நான் என்றும், தேர்வானவர்களில் யாராவது வராவிட்டால் கூப்பிடுவதாகவும் சொன்னார்கள். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், ஒருவருக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. அதன் பின்பு காலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். "சுவத்துப் பாசியச் சுரண்டுறதுக்கு ஒரு படிப்பா? நம்ம குளியலறைய ஒருநாள் சுரண்டிக் குடு, உதவித்தொகைய நானே தர்றேன்" என்று என் தாயார் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த இடம் கை நழுவிப் போனது எனக்கு ஆறவே இல்லை.

விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. இரவுச் சாப்பாட்டு மேசையில் எந்த நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது என்பது அறக்கட்டளையை நிறுவியவர் வைத்த விதி. ஒருவர் ஊரில் இல்லையென்றால், ஆராய்ச்சி செய்யும் வேறொருவரை விருந்தாளியாக உட்கார வைக்க வேண்டும். கடலோரம் ஆய்வுக்குப் போன ஒருவர் பல மாதங்களாகத் திரும்பவில்லை. நூலகத்தில் பழக்கமான, விடுதியில் தங்கி வானியல் படிக்கும் பெண் ஒரு நாள் என்னை அந்த நாற்காலிக்குக் கூட்டிப்போனாள். மறுநாள் யாரும் கூப்பிடாமல் நானாகப் போனேன். அதன் பின்பு தினமும் போனேன். என்னை வேறு யாரோ அழைத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். படித்தவர்கள், முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள். நாளடைவில் மாடி வாசிப்பறையிலும் உட்காரத் தொடங்கினேன். அறக்கட்டளைப் பணத்தில் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் விடுதிக் கருவி அறையில் இருந்த அந்த நுண்ணோக்கியில் என் பாசியைப் பார்த்தேன். வீட்டில் பூதக்கண்ணாடியில் பச்சை அழுக்காகத் தெரிந்தது, அதில் இலை இலையாகத் தெரிந்தது. சாப்பிடும்போது யாராவது "இன்னிக்கு என்ன பார்த்தீங்க?" என்று கேட்பார்கள். என்னிடம் அப்படிக் கேட்க வேறு எங்கும் ஆள் கிடையாது. அந்த ஒரு கேள்விக்காக நாள் முழுவதும் ஏங்கிக்கொண்டிருப்பேன்.

சம்பவத்தன்று நிறுவனர் நாள் விழா. எல்லோரும் பெரிய அரங்கத்துக்குப் போய்விட்டார்கள். தேர்வானவர்களை மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதால், தலைவலி என்று சொல்லி நான் மட்டும் விடுதியில் தங்கிவிட்டேன். காவலாளியிடம் சாவி வாங்கிக் கருவி அறையைத் திறந்தவள் நான். பூட்டாமல் மாடிக்குப் போனவளும் நான். அதன் பின்பு வாசிப்பறையில் விளக்கு எரியாததால் காவலாளியைக் கூப்பிட்டேன். அவர் ஏணி போட்டு விளக்கு மாட்டினார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"விழாவுக்குப் போகலையாம்மா?" என்று கேட்டார்.

"தலைவலி அண்ணே."

"மேடையில பேரு இல்லாதவங்களுக்கு வர்ற தலைவலிதானே அது. உக்காந்து படிங்க. நான் வாயத் திறக்கமாட்டேன்."

அப்போதுதான் அவருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும் என்று புரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் ஜன்னல் வழியே, கருவி பழுதுபார்ப்பவர்கள் போடும் நீலச் சட்டையில் ஒருவன் நுண்ணோக்கிப் பெட்டியுடன் பின்வாசலில் வெளியேறி வெள்ளை வேனில் ஏறுவதைப் பார்த்தேன். இடது காலை இழுத்து இழுத்து நடந்தான், நேரில் காட்டினால் அடையாளம் சொல்வேன். பழுதுபார்க்கக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து நான் எதுவும் கேட்கவில்லை.

நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் வானியல் பெண், நுண்ணோக்கித் திருட்டுக்காகக் காவலாளியைப் போலீசார் பிடித்து வைத்திருப்பதாகவும், அந்த நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்டால் வாயையே திறக்கவில்லை என்றும் சொன்னாள். நான் சொன்னால் அவர் வெளியே வந்துவிடுவார். நான் அந்த வாசலை மறுபடி மிதிக்க முடியாது, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவும் வழியில்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அதன் பின்பு என் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய், இன்று காலை இங்கே வந்தேன்.

திருடுபோன நேரத்தில் காவலாளி என் கண்முன்னே ஏணியில் நின்றார். அவர் பேசாமல் இருந்தது எனக்காகத்தான்.

எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. தொழில் என்னவென்று கேட்டபோது, விடுதியில் கூப்பிடும் பழக்கத்தில் ஆராய்ச்சியாளர் என்று சொல்லிவிட்டேன். அதை அடித்துவிட்டுத் தனிப்பயிற்சி ஆசிரியை என்று எழுதச் சொல்லி, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்று இரவு அந்த நாற்காலி காலியாக இருக்கும் என்பதால், வேறு யாரையாவது உட்கார வைக்கும்படி விடுதிக்கு நேரத்தோடு தெரிவிக்குமாறும் கேட்டுக்கொண்டேன்.

(ஒப்பம்)