ஒரு டேபிள் ஃபேனும் நானூற்றுப் பதினோரு நாளும்

“ஹலோ... ஹலோ... ஆமாங்க, ரிப்பேர் கடையிலேர்ந்துதான்... இல்லீங்க, பெரிய மெக்கானிக் இல்ல, சாப்பிடப் போயிருக்கார். நான் புதுசு... புள்ளியியல்... பு-ள்-ளி-யி-யல். எந்த வேலை எப்ப முடியும்னு முன்கூட்டியே சொல்றது. மனுஷன் குகையை விட்டு வெளியே வந்த நாள்லேர்ந்து ஒருத்தராலயும் சரியாச் சொல்ல முடியாத விஷயம் அது. போன செவ்வாய்க்கிழமை நான் முடிச்சுட்டேன்.”

இதை அவன் கொஞ்சமும் சிரிக்காமல்தான் சொன்னான். கல்லூரிக் கடைசி வருட ஆய்வுக்காக மூன்று வாரமாக அந்தக் கடையின் பின்னறையில் பழைய வேலைச் சீட்டுகளைக் கிளறிக்கொண்டிருக்கிறான். நாள் முழுக்கப் புள்ளியியல் வளைவின் வாலைப் பற்றியே பேசுவதால் மெக்கானிக்குகள் அவனுக்கு ‘வால்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வேறு காரணமும் இருந்திருக்கலாம். பெயர் வைத்ததோடு சரி. மதியம் எல்லோரும் கும்பலாகச் சாப்பிடக் கிளம்பும்போது வாலை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அவனும் முதல் நாளே தனக்கு மதியத்தில் பசிக்காது என்று சொல்லி வைத்துவிட்டான்.

“நீங்க கண்டக்டர் அய்யாதானே?... ரிட்டயர்டு, சரி, சரி... உங்க டேபிள் ஃபேன் இங்க நானூத்திப் பதினோரு நாளா இருக்கு... ஆமா, ஆமா... ஞாபகம் இருக்கா, நல்லது.”

இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளை எடுத்து, ஒவ்வொரு சாமானும் எத்தனை நாள் கடையில் கிடந்தது என்று எழுதி, அதற்குப் பொருத்தமான ஒரு வளைவைத் தேடிய கதையை அவன் விலாவாரியாகச் சொன்னான். எதிர்முனை பொறுமையாகக் கேட்டது. அவன் பேச்சை இவ்வளவு நேரம் யாரும் கேட்டு மூன்று வாரம் ஆகிறது.

“முதல்ல மணி மாதிரி ஒரு வளைவு... நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியும், அது. அதும்படி பாத்தா, சில மிக்ஸியெல்லாம் இங்க கொண்டு வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே ரெடியாகியிருக்கணும்... இல்லீங்க, ஆகலை. விசாரிச்சுட்டேன்... அடுத்தது ஒண்ணு, அதுக்கு ஞாபகமே கிடையாது. ஒரு நாள் காத்திருந்தாலும் சரி, ஒரு வருஷம் காத்திருந்தாலும் சரி, இன்னும் எவ்ளோ நாள்னு கேட்டா முதல் நாள் சொன்னதையே சொல்லும்... ஆமா, ஆமா, அச்சு அசல் நம்ம பெரிய மெக்கானிக்தான். மிக்ஸியா, ரெண்டு நாள். ஹீட்டரா, ரெண்டு நாள். இந்தக் கட்டடமே சரிஞ்சாலும், ரெண்டு நாள்ல ரெடின்னு சீட்டு எழுதிக் குடுப்பார். புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? அதை ஒழிக்கத்தான் முதலாளி என்னை உக்கார வெச்சிருக்கார்.”

கடைசியில் அவன் கண்டுபிடித்தது லாக்நார்மல். இடது பக்கம் சட்டென்று ஏறி, வலது பக்கம் வாலை நீளமாக இழுத்துக்கொண்டு போவது. இருநூற்றுப் பதினோரு சாமான்கள் அதில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தன.

“...மிச்சம் ஒண்ணு. அது உங்க ஃபேன். ஒத்தை ஆளா மொத்தச் சராசரியையே ரெண்டு நாள் ஏத்துது... அய்யோ, நீங்க எதுக்கு வருத்தப்படுறீங்க. நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். காலையில அலமாரியில தேடி எடுத்துட்டேன். மேல துணி போத்தி வெச்சிருந்தாங்க. ப்ளக்கைச் சொருகினா, ஜம்முனு ஓடுது. கேளுங்க.”

ரிசீவரை ஃபேனுக்கு முன்னால் பிடித்தான். மேசையில் இருந்த சீட்டுகள் படபடத்தன.

“கேட்டுச்சா?... மூணு ஸ்பீடும் ஓடுது. இன்னிக்கே வந்து எடுத்துக்கலாம்... ஹலோ?... இருக்கீங்களா?... சனிக்கிழமை பதினோரு மணிக்கா, சரி... இல்ல, கேட்டுட்டுப் போக எதுக்கு வரணும், எடுத்துட்டே போயிடலாமே... ஆமா... ஆமாங்க, ரெடிதான்... இல்ல, அவர் சொல்லச் சொல்லலை. அவருக்குத் தெரியாது. நானாத்தான்...”

ஃபேன் காற்றில் அந்த நானூற்றுப் பதினோரு நாள் சீட்டு புரண்டு விழுந்தது. அதன் பின்னால் நாலைந்து தாள்கள் குத்தியிருந்ததை அவன் அதுவரை பார்க்கவில்லை. முதல் வரி, ஃபேன் கடைக்கு வந்த இரண்டாம் நாள் தேதியில்: ‘வேலை முடிந்தது.’ பெரிய மெக்கானிக் வாழ்நாளில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே வரிசையாகத் தேதிகள். எல்லாம் சனிக்கிழமைகள். ஒவ்வொன்றின் எதிரிலும் அதே கோணல் கையெழுத்தில் ‘2 நாள்’. சிலவற்றின் ஓரத்தில் பொடியாக வேறு ஏதோ. ‘முழங்கால் வலி, மாத்திரை மாத்தினாரா கேட்கணும்.’ ‘மகன் போன் பண்ணலையாம்.’ ‘வரலை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காய்ச்சல்.’

சனிக்கிழமைகளில் அவனுக்குக் கல்லூரி. பட்டறைக்குள் மெக்கானிக்கின் நாற்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் காலியாகக் கிடக்கும் அந்த ஸ்டூல் யாருக்கென்று அவன் கேட்டதே இல்லை.

“ம்... ம், கேக்குறேன், சொல்லுங்க... யாரையாச்சும் அனுப்பி எடுத்துக்கறீங்களா... நீங்க வரலையா?... அப்போ சனிக்கிழமை?... ம்... அந்த ஸ்டாப் வரைக்கும்தான் டிக்கெட். ஸ்டாப் வந்தப்புறமும் சீட்டைப் பிடிச்சு உக்காந்திருக்கக் கூடாதுங்கறீங்க... ம்... நீங்களே எத்தனை பேரை இறக்கி விட்டிருப்பீங்க... சரிங்க... சரி...”

கையை நீட்டி ஃபேனை அணைத்தான். இறக்கைகள் சுற்றிச் சுற்றி நின்றன. அதன் பிறகுதான் அந்த அறை எவ்வளவு சத்தமில்லாத அறை என்று தெரிந்தது.

“அய்யா, வெச்சுடாதீங்க. ஒரு நிமிஷம்... இப்ப ஒரு சத்தம் வந்துச்சே... உங்களுக்குக் கேக்கலையா? எனக்குக் கேட்டுச்சு. கர்ர்னு... புஷ்ஷா இருக்கும். மோட்டார் பின்னாடி இருக்கற புஷ் தேஞ்சிருக்கும்... எனக்கு ஃபேனைப் பத்தியா? ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் பெரிய மெக்கானிக் பாக்கட்டும்ங்கறேன்... இல்ல, இல்ல, ஆள் அனுப்பாதீங்க, இந்த நிலைமையில குடுக்க முடியாது. பார்ட் வரணும்... வளைவா? அதுக்கு வழி இருக்குங்க. இன்னும் முடியலை, குறைஞ்சது நானூத்திப் பதினோரு நாள்னு எழுதிட்டா போதும். பாடத்துலயே இருக்கு, தப்பில்ல...”

எதிர்முனை அவன் சாப்பிட்டானா என்று கேட்டது.

“நானா?... இன்னும் இல்ல... பசிக்காது... இல்ல, அவங்க கூப்பிடலை... நான்தான் பசிக்காதுன்னு... ம்... சனிக்கிழமை எனக்குக் காலேஜ்... பதினோரு மணிக்குத்தானே? வந்துடறேன்... ஸ்டூல் ஒண்ணுதான் இருக்கு... இல்ல, இல்ல, நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கறேன்... என்ன கேட்டீங்க?... ஃபேன் ரெடியாக எவ்ளோ நாளா...”

துணியை எடுத்து ஃபேனின் மேல் போர்த்தினான். கடைசித் தாளில் ஐம்பத்தெட்டாவது வரிக்குக் கீழே பேனாவை வைத்தான். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். யாரும் இன்னும் திரும்பவில்லை.

“ரெண்டு நாள்ங்க.”

எழுதி முடித்த பிறகுதான் ரிசீவரை வைத்தான்.