கன்னி மூலையில் எர்த் குழி

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்: "பொங்கல்லேருந்து ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுதான்க்கா சோறாக்கினேன்."

"ஏன்டி, அடுப்படியில செருப்பா?"

"வூட்ட இடிச்சுக் கட்டுறப்ப புதுசா கரண்ட் அடுப்பு வச்சோம்ல. தொட்டா சுரீர்னு ஷாக் அடிக்கும்."

"எலக்ட்ரீசியனக் கூப்பிடலயா?"

"வந்து பாத்தாரு. இதுக்குன்னு தனி ஒயரு இழுக்கணும், எர்த் இல்லாம போடவே கூடாது, கொல்லையில குழி எடுங்கன்னாரு. எடம் இருக்கறது கன்னி மூலையில மட்டுந்தான். அங்க பள்ளம் எடுத்தா குடும்பத் தலைவருக்கு ஆகாதுன்னுட்டாரு வாஸ்துக்காரரு."

"சமைக்கிறவளுக்கு ஆகுமாமா?"

"அத யாரும் அவருகிட்ட கேக்கலக்கா. 'நீ செருப்பு போட்டுக்க, சரியாப் போயிடும்'னாரு எங்க வூட்டுக்காரரு."

மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றுக்கு வழிவிட்டு பஸ் ஒதுங்கி நின்றது.

"நேத்து எனக்குத் தலவலி. நானே டீ போடுறேன்னு அவரு வெறுங்காலோட உள்ள போனாரு."

"ஐயையோ! அப்புறம்?"

"பால் சட்டி ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். நல்லவேளை, ஒண்ணும் ஆகல. கைய உதறிக்கிட்டே எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டாரு. இன்னிக்குக் காலையில கன்னி மூலையில குழி எடுத்து எர்த் போட்டாச்சு."

"தலைவருக்கு ஆகாதுன்னாங்களே?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'உசுரவிட வாஸ்து பெருசாடி, அறிவு வேணாமா?'ன்னு என்னையத் திட்டுறாருக்கா."