அசல் பத்திரமாக இருக்கிறது

இந்த மலையில் பெயர்ப் பஞ்சம் அதிகம், ஐயா. தாத்தன் பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் வைத்து வைத்து, நாலைந்து பெயர்களையே ஊரெல்லாம் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையிலிருந்து "மாராயி" என்று கூப்பிட்டால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் எழுந்து வருவார்கள். நான் அடிவாரத்தில் சேந்தமங்கலத்துக்காரன். வந்த புதிதில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்தப் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கிய பிறகு சிரிப்பு போய்விட்டது.

கம்ப்யூட்டர் இரண்டாயிரத்து மூன்றில் வந்தது. ஆஸ்பத்திரியை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் படித்தவன் என்று என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஃபோல்டர் போட்டேன். பெயர், புருஷன் அல்லது தகப்பன் பெயர், ஊர், என்ன நோய், என்ன மருந்து, எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் அதற்குள் இருக்கும். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; தேவனூர் நாட்டு ஆட்கள் ஒரு பக்கம், எடப்புளி நாட்டு ஆட்கள் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கினேன். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு சுத்தமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஒருநாள் காலையில் பார்த்தால் ஒரு மாராயியைக் காணோம். அம்சவேணி அக்கா அழித்துவிட்டார். அவர்தான் எங்கள் மூத்த நர்ஸ். இந்த மலையிலேயே பிறந்தவர், நல்ல மனுஷி, ஆனால் மவுஸைப் பிடித்தால் தேங்காய் துருவுவதுபோல் அழுத்துவார்.

"ரெண்டு இருந்துச்சு தம்பி. ஒரே பேரு, ஒரே ஊரு, புருசம் பேரும் சின்னுசாமியேதான். ஒண்ணு தப்பா வந்திருக்குதுன்னு எடுத்துட்டேன். நீதான சாமி எடத்த அடைக்கக் கூடாதுன்ன?"

குப்பைத் தொட்டியையும் காலி செய்திருந்தார். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரே ஊரில் சின்னுசாமி பெண்டாட்டி மாராயி இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியும். இருவரையும் நேரில் பார்த்தால் அடையாளம் சொல்லிவிடுவார். திரையில் பார்த்தபோது தோன்றவில்லை. இனி அந்த மாராயியை முதலிலிருந்து விசாரிக்க வேண்டும், சளியைத் திரும்ப எடுத்துச் சோதனைக்குக் கீழே அனுப்ப வேண்டும். எங்கள் டாக்டர் ருக்குமணி, அம்சவேணி அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு நீங்கதானுங்க ஜீவானந்தம். அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு ஆளோட உசுரு சம்பந்தப்பட்ட விசயம், இப்புடியா தொறந்து போட்டு வெப்பீங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் டாக்டரம்மா சொன்னதில் தவறில்லை. அந்த வார்த்தையை நான் அப்படியே மனதில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான்.

கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு வசதி உண்டு. எந்த ஆள் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். முதலில், யாரும் அழிக்க முடியாதபடி செய்தேன். அடுத்த வாரமே அக்கா ஒரு மாராயியின் பிரசவத்தை இன்னொரு மாராயிக்குள் எழுதி வைத்தார். ஆகவே, என்னைத் தவிர யாரும் எழுதவும் முடியாதபடி செய்தேன். அதோடு டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நானே எழுத முடியாதுன்னா அப்பறம் எதுக்குங்க இந்தப் பொட்டி? எனக்கும் அக்காளுக்கும் எல்லாத்தையும் தொறந்து உடுங்க. நீங்க ஊருக்குப் போயிட்டா நாங்க யாரத் தேடறது?"

திறந்துவிட்டேன். திறந்துவிட்டேன் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை அவர்கள் முன்னால் வைத்தேன். அசலை "பழைய பிரிண்டர்" என்று பெயர் மாற்றி, பார்வையில் படாமல் உள்ளே மறைத்தேன். பழைய பிரிண்டரை யார் தேடப் போகிறார்கள்? இனி அவர்கள் எழுதட்டும், மாற்றட்டும், அழித்தே போடட்டும். சாயங்காலம் நான் நகலைப் பார்ப்பேன். அவர்கள் சரியாக எழுதியிருப்பதை மட்டும் அசலில் சேர்ப்பேன்.

"இப்பத்தான் தம்பி கையி ஓடுது," என்றார் அக்கா. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. குழந்தைக்கு விளையாட ஒரு சொப்பைக் கொடுத்துவிட்டால் அடுக்களையில் நிம்மதியாகச் சமைக்கலாம் அல்லவா?

நகலிலிருந்து அசலுக்குக் கொண்டுபோனேனே தவிர, அசலிலிருந்து நகலுக்கு எதையும் கொண்டுவரவில்லை. அதை மறதி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நகலுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

அந்த ஆடியில் டாக்டரம்மா லீவில் போயிருந்தார். கீழேயிருந்து வேறொரு டாக்டர் வந்து பார்த்தார். அம்சவேணி அக்காவும் நோம்பித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார். அப்போது சின்னுசாமி பெண்டாட்டி மாராயி ஒருத்தி வந்தாள். ஃபோல்டர் அழிந்துபோனவள் இல்லை, மற்றவள். பென்சிலின் போட்டதும் முகம் வீங்கி மூச்சு முட்டிவிட்டது. அதை முறிக்க மறு ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். கௌசிகா என்ற நர்ஸ் ஓடி வந்து என்னிடம் சொன்னாள். நான் உடனே எழுதினேன். எழுதினால் அசலில்தான் எழுதுவேன், அதுதான் என் வழக்கம். "பென்சிலின் கூடவே கூடாது" என்று சிவப்பில், பெரிய எழுத்தில். நகலில் அவளுக்கு முந்தின வருஷம் போட்ட ஊசிதான் இருந்தது. பென்சிலின், ஒத்துக்கொண்டது என்று. அந்த ஆவணியிலேயே கௌசிகா கல்யாணமாகி ஈரோட்டுப் பக்கம் போய்விட்டாள்.

ஐப்பசியில் அதே மாராயியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மரவள்ளிக் காட்டில் களைக்கொத்துப் பட்டுக் கால் புரையோடியிருந்தது. நினைவு இல்லை, உடம்பு கொதித்தது. மழையில் மரம் விழுந்து மலைப் பாதை அடைபட்டிருந்ததால் கீழே அனுப்பவும் வழியில்லை. மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி அவள் தம்பி சின்னராசுவும் ஊர்க்காரர்களும் சுமந்து வந்தார்கள். மழையில் நனைந்து நின்றுகொண்டு சின்னராசு சொன்னான்:

"ஏதோ ஒரு ஊசி அக்காளுக்கு ஆவாதுன்னு சொன்னாங்க டாக்டரம்மா. எந்த ஊசின்னு எனக்குத் தெரியலீங்க. கம்ப்யூட்டர்ல போட்டாச்சு, இனி பயமில்லேன்னாங்க."

டாக்டரம்மா அம்சவேணி அக்காவைப் பார்த்தார். அக்கா உட்கார்ந்து ஃபோல்டரைத் திறந்தார். இந்த முறை சரியான மாராயியைத்தான் திறந்தார். ஊரைப் பார்த்து, வயதைப் பார்த்து, விரலால் திரையைத் தொட்டு வாசித்தார். நான் அவருக்குப் பின்னால் டீ டம்ளரோடு நின்றிருந்தேன்.

"பென்சிலின் போன வருசம் போட்டிருக்குதுங்க. ஒத்துக்கிச்சுன்னுதான் இருக்குது. ஆவாதுன்னு ஒண்ணும் போடலீங்க."

"அப்ப வேற ஏதோ ஊசியா இருக்கும்," என்றார் டாக்டரம்மா. மற்ற நாளாக இருந்தால் கையில் மருந்தைக் கொஞ்சம் குத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். ஃபோல்டரை நம்பி அன்று அதை விட்டுவிட்டார்.

சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அக்கா மருந்துக் குப்பியில் தண்ணீரை ஏற்றிக் குலுக்கினார். பொடி கரைகிற வரைக்கும் நேரம் இருந்தது. நான் யோசித்தேன். இப்போது வாயைத் திறந்தால், இவர்கள் கையில் இருப்பது நகல் என்பது தெரிந்துவிடும். அசலைக் கேட்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். நாளைக் காலையிலேயே அக்காவின் கை அதில் விழும். இந்த ஒருத்திக்காக இரண்டு நாட்டு ஜனங்களுடைய ஃபோல்டரும் பழையபடி சந்தியில் கிடக்க வேண்டுமா? ஒருவேளை இந்த முறை ஒத்துக்கொள்ளவும் செய்யலாம் என்று நினைத்தேன். அப்போது கரண்ட் போய் யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. திடீரென்று நின்றுபோனால் ஃபைல்கள் கெட்டுவிடும். நான் அதைக் கவனிக்கப் போனேன்.

கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டுத் திரும்பியபோது சின்னராசு தரையில் உட்கார்ந்திருந்தான். தன் அக்காளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா அவள் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். மறு ஊசி போட்டும் இந்த முறை அவள் திரும்பவில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கௌசிகாவைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். ஜீவா அண்ணனிடம் சொன்னேன், அவர் எழுதினதைப் பார்த்தேன் என்று அவள் சொன்னாள். எழுதினேன் என்று நானும் சொன்னேன். பொய் இல்லையே. எழுதினது எங்கே போயிற்று என்று கேட்டபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அம்சவேணி அக்காவைப் பார்த்தார்கள்.

அவர் என் மேஜைக்கு வந்தார். "தம்பி, நானேதான் கை தவறி அழிச்சுப்போட்டனா? எனக்கு நெனப்பே இல்லையே சாமி. நீயே சொல்லு, அப்புடி ஆயிருக்குமா?"

"ஆயிருக்கலாம்க்கா," என்றேன்.

அவர் அழவில்லை. தலையை ஆட்டினார், மவுஸைத் தள்ளி வைத்தார். அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. மாராயி அவர்கள் ஊர்ப் பெண்தான், அவருக்குத் தூரத்து உறவும்கூட. இப்போது ஊரில் நல்லது கெட்டதற்கு அவருக்குச் சொல்லிவிடுவதில்லை. சாமை இடிக்கப் போனால் மற்ற பெண்கள் உரலை விட்டு எழுந்து போகிறார்களாம். டாக்டரம்மா மேல் கேஸ் நடக்கிறது. எனக்கு இருவர் மேலும் மரியாதை உண்டு. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அக்கா போன பிறகு நகலில்கூட ஒரு தவறும் இல்லை.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்து சொல்கிறாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி உறுத்தியதா என்றும் கேட்டீர்கள். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன், ஐயா. நாளைக்கு ஸ்டேஷனிலிருந்து உங்கள் ஆட்கள் வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதனால்தான் முதல் பஸ்ஸில் இறங்கி வந்தேன். புது ஆட்கள், பழக்கமில்லாத கை. "பழைய பிரிண்டர்" என்று பார்த்ததும் வேண்டாத குப்பை என்று நினைத்துவிடக் கூடாது.

பாஸ்வேர்டை எழுதித் தருகிறேன். உள்ளே தேவனூர் நாட்டில் சின்னுசாமி பெண்டாட்டி மாராயி இரண்டு பேர் இருப்பார்கள். ஒன்று தப்பாக வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டாவதைத் திறந்தால் முதல் வரியிலேயே சிவப்பில் இருக்கும், பென்சிலின் கூடவே கூடாது என்று. நான் எழுதியது எழுதியபடி இருக்கிறது, ஒரு எழுத்து கலையவில்லை. உங்கள் ஆட்களைக் கொஞ்சம் பார்த்துக் கையாளச் சொல்லுங்கள். கை தவறி அழிந்தால் திரும்ப வராது. ஒரு ஆளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.